டான் டேர்: வழிநூலாக அமைந்த ஒரு படக்கதைக் குறுந்தொடர்

ஒருவர் படைத்த தலைவனைப் பிறரொருவர் எடுத்துப் பாடுதல் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. அங்ஙனம் பாடுங்கால் எவற்றைக் காத்தல் வேண்டும், எவற்றை மாற்றுதல் தகும் என்னும் வினா எழுகின்றது. நம் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, முதல்நூலின் கொள்கையினின்றும் வழுவாது புதுமைகளையும் ஏற்றுக்கொள்வதே வழிநூல் என வரையறுத்தனர். இவ்வளவுகோல் அச்சிட்ட படக்கதைக்கும் பொருந்துமா? டான் டேர் என்னும் ஆங்கில விண்வெளி வீரனைப் பற்றி 2007-08ஆம் ஆண்டுகளில் வெளிவந்த குறுந்தொடரைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் முதல்நூலை நோக்குவோம். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் 'ஈகிள்' என்னும் சிறுவர் வார இதழ் இங்கிலாந்தில் தோன்றியது. அதன் ஆசிரியர் மார்க்கஸ் மாரிஸ் ஒரு கிறித்தவச் சமயகுரு. டான் டேரைப் படைத்தவர் பிராங்க் ஹாம்ப்சன் என்னும் ஓவியர். டேர் முதற்கண் விண்வெளிப் படையைச் சார்ந்த சமயகுருவாகவே எண்ணப்பெற்றான். பின்னரே படைவீரனாக மாற்றப்பெற்றான். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு 1954ஆம் ஆண்டு வரை நீடித்தது. முதற்கதையில் டேர் வெள்ளிக் கோளுக்குச் செல்வதும் பசித்த மண்ணுலகிற்கு உணவு தேடியே என்பது கருதத்தக்கது. அங்கே ட்ரீன் என்னும் இனத்தாரையும், அவர்தம் தலைவனும் அறிவே உருவாய் அருளற்றவனுமாகிய மீக்கனையும் அவன் எதிர்கொள்கின்றான். டிக்பி என்னும் ஏவற்பணியாளரும், பீபாடி என்னும் பெண் அறிவியலறிஞரும் அவனுக்குத் துணையாவர்.

ஹாம்ப்சன் உழைத்த முறையும் அறியத்தக்கது. விண்கலங்களுக்குச் சிற்றுருவங்கள் செய்து வைத்தும், உடன் பணிபுரிந்தோரை வேடம் புனைந்து நிற்கச் செய்து புகைப்படம் எடுத்தும் அவர் வரைந்தார். தொடக்கக் காலத்தில் ஆர்தர் சி. கிளார்க் அறிவியற் கருத்துரை வழங்கினார். வாரந்தோறும் வந்தவை இரண்டு பக்கங்களே. ஒவ்வொரு வாரமும் ஓர் இடரில் நிறுத்தி அடுத்த வாரத்திற்கு ஏங்கச் செய்தலே அதன் கட்டமைப்பு. இத்தகைய தொடருக்கு ஒரு கதை முடியலாம். தலைவன் வாழ்வு முடிதல் கூடாது. முடியின் இதழின் வாழ்வும் தளரும்.

குறுந்தொடரோ இதற்கு மறுதலையானது. இத்துணை இதழ்கள் என முன்னரே வரையறுக்கப்பெறுவதால், முதலிதழ் எழுதுங்காலே இறுதியிதழ் ஆசிரியன் உள்ளத்தில் இருத்தல் வேண்டும். வாரத்தொடரில் மறுக்கப்பட்ட மூப்பும் இழப்பும் முடிவும் இங்கே இடம்பெறுகின்றன. ஆகவே பழந்தலைவனைக் குறுந்தொடரில் அமைப்பவன், 'இவன் வாழ்வின் பொருள் யாது?' என்னும் வினாவிற்கு விடை கூறியே ஆகவேண்டும்.

இவ்வினாவிற்கு இருவேறு விடைகள் கிடைத்துள்ளன. 1990ஆம் ஆண்டு 'ரிவால்வர்' இதழில் கிராண்ட் மாரிசன் எழுத, ரயன் ஹியூஸ் வரைந்த 'டேர்' தொடங்கியது. அதில் மூப்படைந்து நொந்த வீரனை ஆளுங்கட்சி தன் தேர்தல் விளம்பரத்திற்குப் பயன்படுத்துகின்றது. 1950களின் நம்பிக்கை ஏமாற்றமாய் முடிந்தது என்பதே அதன் கருத்து. இது முதல்நூலை மறுக்கும் நூலேயன்றி வழிநூல் அன்று.

2007ஆம் ஆண்டில் கார்த் என்னிஸ் எழுத, கேரி எர்ஸ்கின் வரைய, ஏழு இதழ்களாக வந்த குறுந்தொடர் வேறு நெறி சென்றது. இதனை வெளியிட்ட வர்ஜின் காமிக்ஸ் பெங்களூரில் ஓவியக்கூடம் கொண்டிருந்த நிறுவனமாகும். என்னிஸின் டேரும் நாட்டை ஆள்வோர்மேல் நம்பிக்கை இழந்து ஒதுங்கியவனே. அவன் வாழும் அழகிய சிற்றூர் உண்மையான ஊர் அன்று. ஒளியாற் புனைந்த தோற்றம். இவ்வொரு காட்சியால், பழைய இங்கிலாந்து இனி நினைவில் மட்டுமே உள்ளது என்பதை ஆசிரியர் உணர்த்திவிடுகின்றார். தலைமையமைச்சரே பகைவனுக்கு உடந்தையாகின்றார். ஆயினும் அழைப்பு வந்துழி டேர் எழுந்து செல்கின்றான். டிக்பி பிறரைக் காத்தற்பொருட்டு உயிர் துறக்கின்றார்; பீபாடி நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்கின்றார். காலமும் அரசும் ஊரும் மாறியுள, கடமையுணர்வு மாறவில்லை. முதலும் கருவும் வேறுபட, உரிப்பொருள் நிலைபெற்றது எனலாம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். இறுதியில் டேர் மீக்கனைத் தன் கையாலேயே கொல்கின்றான்; பகைவனையும் பிழைக்கவிட்ட பழைய மரபிற்கு இது முரணன்றோ எனின், முழுதும் முரண் என்று கூறவியலாது. மீக்கன் மீண்டும் மீண்டும் தப்பியது அருளால் மட்டும் நிகழ்ந்ததன்று. வாரத்தொடரின் தேவையாலும் நிகழ்ந்தது. எனினும் சமயகுருவாக எண்ணப்பெற்ற ஒருவன் வாளேந்தி முடிவு காண்பதில் ஹாம்ப்சனின் மென்மை குறைகின்றது என்பதை மறைத்தலும் முறையன்று. போர்க்கதைகளில் பெயர்பெற்ற என்னிஸின் இயல்பு இங்கே முதல்வன் இயல்பை விஞ்சி நிற்கின்றது.

இவ்வாராய்ச்சி வெறும் சுவை பற்றியதன்று. டான் டேரின் உரிமை ஹாம்ப்சனிடம் இருந்ததில்லை, பதிப்பகத்தாரிடமே இருந்தது. இதழ் கைம்மாறிய 1959ஆம் ஆண்டில் அவர் அத்தொடரினின்றும் விலகினார், 1985இல் மறைந்தார். சட்டம் அவர் படைப்பை அவருக்காகக் காக்கவில்லை. அந்நிலையில் அவர் கொள்கையைக் காக்கும் பொறுப்பு, பின்வரும் ஆசிரியனின் மனச்சான்றையே சாரும். மரபை அழியாது காத்தல் வழிநூலாசிரியனுக்கு ஏன் கடமையாயிற்று என்பது இதனால் தெளிவாகும். உரிமை விலைக்கு வரும். மரபு விலைக்கு வாராது.