தொட்டிலுக்குப் பின்னால் நிற்பவர்கள்
(குழந்தைகள் இல்லங்களை நடத்துவோர் பற்றி ஒரு விளக்கம்)

தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாள், பெற்றோரின் நினைவுநாள், புதுவீடு புகுதல் என்று ஏதாவது விசேஷம் வந்தால், ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு நம் செலவு என்று சொல்லிவிடுவோம். சதர் பஜாரில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம் செய்கிறவன் நான். இல்லங்களுக்குத் தட்டு, டம்ளர் வாங்கிக் கொடுக்கும் அன்பர்கள் பலர் என் கடைக்கு வருவார்கள். "எத்தனை குழந்தைகள்?" என்று விசாரித்துக் கணக்குப் பார்த்து வாங்குவார்கள். ஆனால் "அந்தக் குழந்தைகளை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள்? அவர்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள்?" என்று விசாரித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இரண்டாவது கேள்விதான் இக்கட்டுரையின் பொருள்.

சுடுகாட்டில் கிடைத்த குழந்தை

நம் இலக்கியத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் குறைவில்லை. தமிழ்ச் சமணராகிய எங்கள் வீடுகளில் சின்ன வயதிலேயே காதில் விழும் கதை சீவகனுடையது. திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில், கட்டியங்காரன் சூழ்ச்சியால் சச்சந்தன் மாண்டுபோக, அரசி விசயை மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் இறங்கி, அங்கேயே பிள்ளையைப் பெறுகிறாள். இறந்துபோன தன் குழந்தையை அடக்கம் செய்ய அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அந்தப் பிள்ளையை எடுத்துப் போகிறான்.

எடுத்துப் போனதோடு கதை முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வளர்த்தவள் கந்துக்கடன் மனைவி சுநந்தை. கல்வி கொடுத்தவர் அச்சணந்தி ஆசிரியர். 'நீ யார், எங்கிருந்து வந்தாய்' என்ற பிறப்புச் செய்தியைப் பக்குவமான சமயம் பார்த்துச் சொன்னவரும் அவரே. குழந்தையோடு ஒரு முத்திரை மோதிரமும் இருந்தது. அது அவன் அடையாளம். ஆக, ஒரு பிள்ளையைக் காப்பாற்ற எடுப்பவர், வளர்ப்பவர், கற்பிப்பவர், அடையாளத்தைப் பத்திரப்படுத்துபவர் எல்லாரும் தேவைப்பட்டார்கள். இன்றைய குழந்தைகள் இல்லத்தின் வேலைப் பிரிவும் கிட்டத்தட்ட இதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இதன்படி ஆதரவற்ற நிலையில் கண்டெடுக்கப்படும் குழந்தையை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். இந்தக் குழுவில் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் உண்டு. குழந்தையின் குடும்பநிலை பற்றிய சமூக விசாரணையை 15 நாளில் முடிக்க வேண்டும். 4 மாதத்துக்குள் குழு இறுதி முடிவு சொல்ல வேண்டும். குழந்தை இல்லத்தில் தங்குவது குழுவின் உத்தரவின்பேரில்தான். நாமாக ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரமுடியாது.

இல்லத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் பட்டியல் போட்டுச் சொல்கின்றன. 100 குழந்தைகள் உள்ள இல்லத்துக்கு 25 பணியாளர்கள். கண்காணிப்பாளர் 1, குழந்தை நல அலுவலர் அல்லது சமூகப் பணியாளர் 3, மனநல ஆலோசகர் 2, இல்லத்தாய் அல்லது இல்லத்தந்தை 4, சமையல்காரர் 2 என்று பட்டியல் போகிறது. ஆசிரியர், நர்ஸ், கூப்பிட்டால் வரும் டாக்டர், கணக்கர், டிரைவர், தோட்டக்காரர் வரை அதில் உண்டு.

வியாபாரி புத்தி, நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 குழந்தைகளுக்கு 4 தாய்கள் என்றால் ஒருவருக்கு 25 பிள்ளைகள். பகல் முறை, இரவு முறை என்று பிரித்தால் ஒரு நேரத்தில் 2 பேர்தான், அதாவது ஒருவருக்கு 50. ஒருவர் லீவு போட்டால் மற்றவர் கதி என்ன? வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கே நாம் படுகிற பாட்டை நினைத்துப் பார்த்தால் போதும். இது சட்டம் சொல்லும் அளவு. எல்லா இல்லமும் இந்த அளவையாவது எட்டுகிறதா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு தானங்கள், நான்கு பணிகள்

சமண நூல்கள் தானத்தை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று நான்காக வகுக்கும். உணவு, அச்சம் நீக்குதல், மருந்து, கல்வி. நாம் ஒரு வேளை ஆகார தானம் செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இல்லத்தில் வேலை பார்ப்பவர்கள் நான்கையும் தினந்தோறும் செய்கிறார்கள்.

ஆகாரம் சமையல்காரர் கையில் இருக்கிறது. ஔடதம் நர்ஸ் கையில். தடுப்பூசி அட்டை, பழைய சொறி சிரங்கு, இரத்தசோகை எல்லாம் அவர் பொறுப்பு. சாத்திரம் ஆசிரியருடையது. பல மாதம் பள்ளியைப் பார்க்காத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைப்பது சாமானிய வேலையில்லை.

அபயம்தான் கஷ்டமானது. ராத்திரியில் பயந்து எழும் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் இல்லத்தாய் செய்வது அபய தானம். மனநல ஆலோசகரைத் தமிழக அரசு 'ஆற்றுப்படுத்துநர்' என்று அழைக்கிறது. வழி தெரியாதவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படை நமக்குப் புதிதா என்ன? சமூகப் பணியாளர் ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரைத் தேடுகிறார், பிள்ளையின் பெயர், மொழி, ஊர், உறவு எல்லாவற்றையும் கோப்பில் எழுதி வைக்கிறார், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் தயாரிக்கிறார். சீவகனின் மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் இவரே என்பேன்.

தில்லியில் மூன்று முறைகள்

தில்லியிலும் அதை ஒட்டியும் வெவ்வேறு விதமாக இப்பணி நடக்கிறது.

முதலாவது பால்னா. இந்தியில் 'பால்னா' என்றால் தொட்டில். 1952-இல் தொடங்கிய தில்லி குழந்தைகள் நலச் சங்கம், குத்ஸியா பாக் பகுதியில் 1978 முதல் இதை நடத்திவருகிறது. வாசலில் ஒரு தொட்டில் இருக்கும். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைத் தூக்கி எறியாமல் அதில் விட்டுப் போகலாம். தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நமக்குத் தெரிந்ததே. கைக்குழந்தைகளுக்கு ஆயாக்களும் நர்சுகளும் இரவு பகலாக வேண்டும். தத்துக் கொடுக்கும் வரை அவர்கள் மடிதான் தாய்மடி.

இரண்டாவது எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம். ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் என்ற ஊரில் 1949-இல் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய முறை இது. இந்திய அமைப்பு ஜே.என். கௌல் முயற்சியில் 1964-இல் தொடங்கியது. அதன் முதல் கிராமம் பரீதாபாத் கிரீன்ஃபீல்ட்ஸில் அமைந்தது. இங்கே பெரிய கூடம் கிடையாது. தனித்தனி வீடுகள், வீட்டுக்கு ஒரு தாய், ஏறக்குறைய 10 பிள்ளைகள். மாதச் செலவுக்குப் பணம் வாங்கி, சந்தைக்குப் போய், சமைத்துக் குடும்பம் நடத்துபவர் அந்தத் தாயே. அவர் லீவில் போனால் 'சித்தி' போல ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது உதயன் கேர். கிரண் மோதி 1994-இல் தொடங்கிய இந்த அமைப்பின் முதல் இல்லம் 1996-இல் வந்தது. சாதாரணக் குடியிருப்புத் தெருவிலேயே வீடு எடுத்து, சுமார் 12 பிள்ளைகளை வளர்க்கும் முறை. கூடவே தங்கும் பராமரிப்பாளர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் ஆகியோருடன், சம்பளம் வாங்காமல் வருஷக்கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கும் 'வழிகாட்டித் தாய்' என்ற ஏற்பாடும் உண்டு.

மூன்றுக்கும் வேறுபாடு இருந்தாலும், குழந்தைக்குத் தேவை தனக்கென்று ஓர் ஆள் என்ற கருத்து மூன்றிலும் இருக்கிறது.

நிலைத்திருப்பவர் ஏன் வேண்டும்?

இது வெறும் பாச உணர்ச்சி அல்ல, ஆராய்ச்சியில் தெளிந்த விஷயம். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், அனாதை இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை எடுத்து, ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மறு பாதியினரோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஆய்வு இது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் மனப்பிணைப்பிலும் நன்றாக முன்னேறினார்கள். சீக்கிரம் போனவர்களுக்கு, குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு, பலன் அதிகம். இல்லத்தில் இருந்தவர்களுக்குச் சோறும் துணியும் இருந்தன. முறை மாறிமாறி வந்த பணியாளர்களில் 'என் ஆள்' என்று ஒருவர் மட்டும் இல்லை.

அதனால்தான் நம் சட்டமும் குழந்தைகள் இல்லத்தைக் கடைசி வழியாகவே சொல்கிறது. பிள்ளையைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்த்துவைப்பது முதல் வேலை. இல்லங்களில் இருக்கும் எல்லாரும் தாய் தந்தை இழந்தவர்கள் அல்ல. தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடு இருந்தும் வறுமையால் விடப்பட்டவர்கள் நிறையப் பேர். நல்ல இல்லத்துக்கு அடையாளம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப முயன்றுகொண்டே இருப்பது.

ஊழியர் நிலைப்பதற்குச் சம்பளம் வேண்டும், ஓய்வு வேண்டும், பயிற்சி வேண்டும். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். ஆயாவின் சம்பளத்துக்குக் கொடுத்தால் எந்தக் கல்லிலும் வராது. ஆகவே அதற்குக் கொடுப்பவர் குறைவு. சம்பளம் போதாமல் ஒரு ஆயா வேலையை விட்டுப் போகும்போது, அந்த அறையில் உள்ள பிள்ளைகள் இன்னொரு தடவை தாயை இழக்கிறார்கள். நம் தானம் போய்ச் சேராத இடம் இதுதான்.

சேவையும் கண்காணிப்பும்

சேவை செய்கிறவர்களைக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். கேட்டே ஆகவேண்டும். மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் குழந்தைகள் கொடுமைக்கு ஆளானது பற்றி 2007-இல் வந்த செய்தியை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், குழந்தைக்குக் குழந்தை தனித் திட்டம் வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன க்மைனர் மீதே, சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதாகப் பாதிக்கப்பட்டவர்கள் புகார் செய்திருந்த செய்தியை, அவர் தொடங்கிய ஆஸ்திரிய அமைப்பே 2025-இல் வெளியிட்டது. அவர் 1986-இல் காலமானவர். இதனால் வீடுவீடாகப் பிள்ளை வளர்த்த தாய்மாரின் உழைப்பு பொய்யாகிவிடாது. ஆனால் பெரிய பெயர் என்பதற்காக யாரையும் கண்காணிப்புக்கு மேலே வைக்கக்கூடாது. நேர்மையான பணியாளருக்குக் கண்காணிப்பு அவமானமில்லை, அரண். எடை சரியாக இருக்கும் வியாபாரி தராசுச் சோதனைக்குப் பயப்படுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். பதிவுச் சான்று உண்டா, இல்லத்தாய் எத்தனை பேர், சராசரியாக எத்தனை வருஷம் நிலைக்கிறார்கள், போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? நல்ல இல்லம் இக்கேள்விகளைச் சந்தோஷமாக வரவேற்கும்.

இரண்டாவது, கொடுப்பதில் ஒரு பங்கைப் பணியாளர் சம்பளத்துக்கென்று சொல்லிக் கொடுங்கள். தட்டு டம்ளர் விற்கிற நானே இதைச் சொல்கிறேன், யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அக்குழந்தைகளின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

நான்காவது, 18 வயது நிரம்பி வெளியே வரும் பிள்ளைகளை மறக்காதீர்கள். 21 வயது வரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் வழி உண்டு. நம்மில் கடை, கம்பெனி வைத்திருப்பவர்கள் அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கலாம்.

கடைசியாக, நம்மால் மட்டுமே முடிந்த ஒன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி வீட்டைவிட்டு வந்த ஒரு சிறுவன், தமிழ் தவிர வேறு மொழி தெரியாமல் புது தில்லி ஸ்டேஷனில் இறங்கினால், 1098 எண்ணில் கூப்பிட்டு அவனை ஒப்படைக்கலாம். பிறகு அவன் ஊர் எது, தாய் யார் என்று யார் கேட்டறிவது? மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வைத்திருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமைகளில் ஒன்று. தமிழும் இந்தியும் நன்கு அறிந்த, ஓய்வுபெற்ற நம் சகோதர சகோதரிகள் அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். "சாப்பிட்டியாப்பா?" என்ற ஒரு சொல்லுக்கு அந்தப் பிள்ளை வாய் திறந்துவிட்டால், சமூகப் பணியாளருக்கு ஊர்ப் பெயர் கிடைத்துவிடும், பிள்ளைக்கு வீடும் கிடைக்க வழி பிறக்கும். சங்க அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.