ட்யூபைப் படிச்சுட்டு டிக் அடிங்க பாஸ்!

‘ரெட்டினால் பயன்படுத்துகிறீர்களா? ஆம் / இல்லை.’

போன வருஷம் ஒரு லேசர் க்ளினிக்ல என் கையில கொடுத்த ஃபார்ம்ல இருந்த கேள்வி இது. அவுட்புட்டே வராத லேப் ரெக்கார்டுக்கு கிராஃப் போடுற அதே ஸ்பீடுல, யோசிக்காம ‘இல்லை’ன்னு டிக் அடிச்சேன். அந்த ஒரு டிக், என் மேலுதட்டுலயும் தாடையிலயும் அஞ்சு மாசத்துக்குப் பழுப்பு கலர்ல ஆட்டோகிராஃப் போட்டுட்டுப் போயிடுச்சு!

சத்தியமா நான் பொய் சொல்லலைங்க. ரெட்டினால்ங்கிற பேர்ல எங்கிட்ட எதுவுமே கிடையாது. ஹாஸ்டல் அலமாரியில இருந்தது, பருவுக்காக ராத்திரி தடவிக்கிற ஒரு ஜெல். பக்கத்து ரூம் அக்கா சொன்னாங்கன்னு மெடிக்கல் ஷாப்ல வாங்கினது. ட்யூப்ல கம்பெனி வெச்ச பேர் பெருசா இருந்துச்சு. அதுக்குக் கீழே எறும்பு சைஸ்ல ‘அடாபலீன் 0.1%’. அது ரெட்டினாலோட சித்தப்பா பையன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?

முதல் நாள் எரிச்சல். ‘எல்லாருக்கும் இருக்கும்’னாங்க. ரெண்டாவது நாள் பொருக்கு. ஒரு வாரத்துல பொருக்கு உதிர்ந்து, அந்த இடமெல்லாம் பட்டை பட்டையா பழுப்பு. மீசையை எடுக்கப் போனவ, மீசை வரைஞ்சுட்டு வந்த கதை! ‘என்னடி மூஞ்சில?’ன்னு கேட்டவங்களுக்கெல்லாம், ‘அப்பளம் பொரிக்கிறப்ப எண்ணெய் தெறிச்சிடுச்சு’ன்னு ஒரே பதில். முதல் கேம்பஸ் இன்டர்வியூல, கேட்ட கேள்வியைவிட கேட்டவர் எங்கே பார்க்கிறார்ங்கிறதுலதான் என் கவனம் இருந்துச்சு. ரிசல்ட்டைச் சொல்லணுமா என்ன?

கடைசியில ஒரு தோல் டாக்டர்கிட்ட ட்யூபை நீட்டினப்பதான் மேட்டரே புரிஞ்சுது. எனக்கு விழுந்த பல்பு உங்களுக்கும் விழ வேணாம். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

லேசருக்குக் கண்ணு கிடையாது!

இன்ஜினீயரிங் படிக்கிறவ... கொஞ்சம் ஃபிசிக்ஸ் பேசிக்கிறேன். லேசருக்கு முடி எது, தோல் எதுன்னு தெரியாது. அது தேடுறது மெலனின்ங்கிற நிறமியை. முடியில இருக்கிற மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூடு வேருக்குப் பரவி, திரும்ப வளர்ற சக்தியைக் குறைக்கும். சரியான அலைநீளம், சரியான நேரம் ரெண்டும் அமைஞ்சா, பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு இலக்கை மட்டும் சூடாக்கலாம்ங்கிற இந்தத் தத்துவத்தை, 1983-ல் அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ்ங்கிற ரெண்டு பேர் எழுதினாங்க. இன்னிக்கு வரைக்கும் லேசர் சிகிச்சைக்கு அஸ்திவாரம் அதுதான்.

வெள்ளைத் தோல், கறுப்பு முடின்னா லேசருக்கு ஜாலி. நம்ம ஊர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும்தான் சிக்கலே. தோலோட மேலடுக்குலயே மெலனின் நிறைய இருக்கு. முடிக்குப் போக வேண்டிய சூட்டுல ஒரு பங்கை அது வழியிலேயே பிடுங்கிக்கும். அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுறது குறையும். அதனாலதான் 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட்டைவிட, 810 பக்கம் இருக்கிற டயோடும், 1064-ல் இருக்கிற என்டி யாகும் நம்ம தோலுக்குப் பாதுகாப்பு. கூடவே துடிப்பைக் கொஞ்சம் நீளமாக்கி, தோலை ஜில்லுனு வெச்சுக்கிட்டே அடிப்பாங்க. மெலிசான மேல்தோல் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுடும். தடிமனான முடிவேர் பிடிச்சு வெச்சுக்கும். அந்த இடைவெளிதான் நமக்குப் பாதுகாப்பு.

இன்னொண்ணு... வளர்ற பருவத்துல இருக்கிற முடி மட்டும்தான் இதுல சரியா மாட்டும். எல்லா முடியும் ஒரே நேரத்துல வளராது. அதான் ஆறு, எட்டு தடவை கூப்பிடறாங்க. அதுக்கப்புறமும் முடி குறையும், மெலிசாகும். ‘ஜென்மத்துக்கும் வராது’ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நரைச்ச முடியில மெலனினே இல்லை, அதனால லேசர் அங்கே ஃபெயில்!

ரெட்டினால் என்ன பண்ணுது?

ரெட்டினால், வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள்ள போய் ரெண்டு படி மாறி, ரெட்டினாயிக் அமிலமா ஆனதுக்கப்புறம்தான் வேலையைக் காட்டும். அந்த அமிலத்தையே நேரா ட்யூப்ல அடைச்சா, அதுதான் ட்ரெட்டினாயின். ரெட்டினாலைவிட ரொம்ப ஸ்ட்ராங். பருவுக்கான மருந்தா 1971-ல் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது.

இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே வேலை... தோல் செல்களைச் சீக்கிரம் சீக்கிரமாப் புதுப்பிக்கிறது. பருவுக்கும் தழும்புக்கும் நல்லது. ஆனா ஆரம்ப வாரங்கள்ல வறட்சி, சிவப்பு, உரியறது எல்லாம் கூடவே வரும். ‘ரெட்டினால் தோலை மெலிசாக்கிடும்’னு சொல்றது பாதிதான் உண்மை. மேலே இருக்கிற செத்த செல் அடுக்குதான் மெலிசாகும். உள்ளே இருக்கிற தோல், மாசக்கணக்குல பார்த்தா கெட்டியாகத்தான் செய்யும்.

அப்போ லேசருக்கு என்ன பிரச்னை? நம்மைக் காப்பாத்துற அந்த மேலடுக்கு ஏற்கெனவே உரிஞ்சு, எரிஞ்சுட்டு இருக்கும்போது மேல சூட்டையும் ஏத்தினா தாங்காது. வெயில்ல கன்றிப்போன முதுகுல வெந்நீர் ஊத்தின மாதிரி! நம்ம தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. எங்கே காயம், எரிச்சல் வந்தாலும், பதறிப்போய் மெலனினை அள்ளிக் கொட்டும். கொசு கடிச்ச இடம் கறுக்குதே, அதே கதை. அந்தக் கறை மறைய மாசக்கணக்கு ஆகும்.

ட்யூப்ல இந்தப் பேரெல்லாம் இருக்கா?

முன்பக்கத்தை விடுங்க. பின்பக்கம் பொடி எழுத்தைப் படிங்க.

* ரெட்டினால், ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினால்டிஹைட் - சீரம், நைட் க்ரீம்கள்ல.

* அடாபலீன், ட்ரெட்டினாயின், டசரோட்டீன் - மருந்து ட்யூப்கள்ல. அடாபலீன் பல சமயம் பென்சாயில் பெராக்சைடோட சேர்ந்தே வரும். அதுவும் தோலை உலர்த்தும்.

* க்ளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் - வேற குடும்பம்தான். ஆனா மேல்தோலை உரிக்கிறதுல கூட்டாளிங்க. இதையும் நிறுத்தணும்.

* ‘கலர் கொடுக்கும்’னு ஃப்ரெண்ட்ஸ் கைமாத்துற ட்யூப் - ரொம்ப உஷார்! ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன்ங்கிற ஸ்டீராய்டுன்னு மூணும் கலந்த க்ரீம்கள் இருக்கு. இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிடுச்சு. மாசக்கணக்குல தடவினவங்க திடீர்னு நிறுத்தினா முகம் சிவந்து எரியும். அதனால லேசரை மறந்துட்டு முதல்ல தோல் டாக்டரைப் பாருங்க.

பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறவங்களும் அதே குடும்பம்தான். முன்னெல்லாம் மாத்திரை நிறுத்தி ஆறு மாசம் வரைக்கும் லேசர் கூடாதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. முடி நீக்குற லேசருக்கு அவ்வளவு காத்திருக்க வலுவான ஆதாரம் இல்லைன்னு 2017-ல் அமெரிக்கத் தோல் நிபுணர்கள் சொல்லிட்டாங்க. ஆனா, முடிவு உங்களோடது இல்லை, டாக்டரோடது. மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான்.

கேலண்டரைக் கையில எடுங்க!

4 முதல் 6 வாரம் முன்னாடி: வேக்ஸிங், த்ரெடிங், பிடுங்கறது எல்லாத்துக்கும் தடா. வேரோட பிடுங்கிட்டா லேசர் எதைத் தேடும்? ஷேவ் பண்ணலாம், தப்பில்லை. ‘ஷேவ் பண்ணா தடிமனா வளரும்’ங்கிறது சும்மா கதை.

2 வாரம் முன்னாடி: வெயில்ல சுத்தறதைக் குறைங்க. எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன் ஸ்க்ரீன் போடுங்க. கறுத்துப்போய் வந்தா, தேதியைத் தள்ளிப் போடச் சொல்லுங்க.

1 வாரம் முன்னாடி: ரெட்டினால் ஸ்டாப். மூணு நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் க்ளினிக்குக்கு க்ளினிக் வேற வேற கணக்கு சொல்வாங்க. ஒரு வாரம்ங்கிறது நடுவுல நிக்கிற கணக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த ட்ரெட்டினாயின், அடாபலீன்னா, அவர்கிட்டயே கேளுங்க. தோல் உரிஞ்சுட்டோ எரிஞ்சுட்டோ இருந்தா, ஒரு வாரம் ஆனாலும் போகாதீங்க.

முதல் நாள்: ஷேவ் பண்ணிடுங்க. அன்னிக்குக் காலையில முகத்துல மேக்கப், க்ரீம் எதுவும் வேணாம்.

முடிஞ்ச பிறகு: முடிக்கால்களைச் சுத்திச் சின்ன வீக்கம், சிவப்பு வர்றது சகஜம். சில மணி நேரத்துல இருந்து ரெண்டொரு நாள்ல அடங்கிடும். துணியில சுத்தின ஐஸ், சாதா மாய்ஸ்சரைசர் போதும். வெந்நீர் குளியல், ஜிம், வெயில் ரெண்டு நாளைக்கு வேணாம். கொப்புளமோ பொருக்கோ வந்தா, காத்திருக்காம டாக்டரைப் பாருங்க. (நான் ஒரு வாரம் காத்திருந்தேன். நீங்க இருக்காதீங்க!)

ஒரு வாரம் கழிச்சு: சிவப்பு, உரியறது எதுவும் இல்லைன்னா ரெட்டினாலைத் திரும்ப ஆரம்பிங்க. ராத்திரியில, பட்டாணி அளவு, முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? முகத்துக்கு நாலு வாரத்துக்கு ஒரு தடவை லேசர்னா, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போக மாசத்துல ரெண்டு வாரம்தான் ரெட்டினாலுக்கு மிச்சம். ரெண்டையும் ஒரே ஸ்பீடுல ஓட்ட முடியாது. எது முக்கியம்னு முதல்லயே முடிவு பண்ணிக்குங்க. ஆனா ஒரு குட் நியூஸ்... இந்தக் கட்டுப்பாடெல்லாம் லேசர் படற இடத்துக்கு மட்டும்தான். லேசர் காலுக்குன்னா, முகத்துக்கு ரெட்டினால் தாராளமாப் போடலாம்.

பசங்களே, ஓடாதீங்க!

தாடிக்கு ‘லைன்’ எடுக்கவும், கழுத்துல முடி உள்பக்கமா வளர்றதுக்கும் நீங்களும்தான் க்ளினிக் போறீங்க. அதே முகத்துல பரு ஜெல்லும் தடவுறீங்க. ரூல்ஸ் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

லேசர் பக்கமே போகாத தோழிகளுக்கும் ஒரு வார்த்தை... இந்த ஜெல் தடவுற இடத்துல அப்பர் லிப் வேக்ஸிங் பண்ணா, முடியோட தோலும் சேர்ந்து வந்துடும். பார்லர் அக்காகிட்டயும் சொல்லிடுங்க.

தாடையில முரட்டு முடி, கூடவே பீரியட்ஸும் தள்ளித் தள்ளி வருதுன்னா, பி.சி.ஓ.எஸ்ஸா இருக்கலாம். முதல்ல அதுக்கு டாக்டரைப் பாருங்க. உள்ளே ஹார்மோன் உரம் போட்டுட்டே இருக்கும்போது, வெளியே எத்தனை தடவை களை எடுத்தாலும் வேலைக்கு ஆகாது.

நீங்க கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. மெஷின் எது? லேசரா, ஐ.பி.எல்லா? (ஐ.பி.எல். லேசரே இல்லை. ஆனா பல இடத்துல அதையும் லேசர்னுதான் சொல்றாங்க.)

2. என் நிறத்துக்கு எந்த அலைநீளம்?

3. முதல்ல சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிப் பார்ப்பீங்களா?

4. ஏதாவது ஆனா பார்க்க டாக்டர் இருக்காரா?

எனக்கு டெஸ்ட் பண்ணலை. ஏன்னு நானும் கேட்கலை. கேட்கக் கூச்சம். ஃபார்ம்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்கக் கூச்சம். அதுக்கும் முன்னாடி, ‘எனக்கு மீசை இருக்கு’ன்னு அம்மாகிட்டகூட சொல்லக் கூச்சம். சீட்டுப் பணம் கட்டற மாதிரி மாசா மாசம் சேர்த்து வெச்சு, யாருக்கும் சொல்லாமத்தான் போனேன். யாரோ ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்திருந்தா, ‘அந்த ஜெல்லை நிறுத்துனியாடி?’ன்னு ஒரு கேள்வியாவது வந்திருக்கும்.

முடி இருக்கிறது தப்பில்லை. அப்படியே விடறதும், எடுக்கிறதும் அவங்கவங்க இஷ்டம். கூச்சப்பட்டு மறைக்கிறதுலதான் சூடு படுது.

கறை மறைஞ்சு, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வேற ஒரு இடத்துக்குப் போனேன். இந்த முறை அம்மாவோட. அதே மாதிரி ஃபார்ம், அதே கேள்வி. ‘ஆம்’னு டிக் அடிச்சு, பக்கத்துலயே ‘அடாபலீன், நிறுத்தி மூணு நாள்’னு எழுதி, பையில இருந்து ட்யூபையும் எடுத்து மேஜைமேல வெச்சேன். அந்த டாக்டர் படிச்சுப் பார்த்துட்டு, ‘அடுத்த வாரம் வாம்மா’ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

பஸ் டிக்கெட் தண்டம்தான். ஆனா, மூஞ்சி பத்திரமா வீடு வந்து சேர்ந்துச்சே!