சிறைக்கூடப் போதகரின் ஆராய்ச்சி

இங்கிலாந்திலே லங்காஷயரைச் சார்ந்த பிரஸ்டன் நகரம் 19-ஆம் நூற்றாண்டிற் பஞ்சாலைகளாற் பேர் பெற்றிருந்தது. அந்நகர்ச் சிறைச்சாலைக்கு 1821-ஆம் ஆண்டில் உதவிப் போதகராக வந்த ஜான் கிளே என்பார், 1858 வரை அங்கேயே ஊழியஞ் செய்தார். ஜெபம் நடத்துதலும் பிரசங்கித்தலுமே சிறைப் போதகர்க்குரிய கடமையென எண்ணுவார் பலர். கிளேயோ, கைதிகளைத் தனித்தனியே கண்டு பேசி, அவர்தம் வாழ்க்கை வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு, ஆண்டறிக்கைகளிற் சேர்த்து வந்தார்.

அவர் கண்டவை வியப்பைத் தருவனவாம். பன்னிரு மாதங்களின் பெயரை முறையே சொல்லமாட்டாதாரும், நாட்டையாளும் அரசியின் பெயரை அறியாதாரும் கைதிகளுட் பலர். ஆயினும் டிக் டர்ப்பின், ஜாக் ஷெப்பர்டு என்னும் கள்வர்களின் கதையை அவர்கள் நன்கறிந்திருந்தனர்!

வறுமையே குற்றத்தின் காரணமென்பது பொதுவாக வழங்கும் கொள்கை. ஆலைகள் நன்கு நடந்து கூலி மிகுந்த காலத்தும் குற்றங் குறையாமை கண்ட கிளே, அக்கூலி மதுக்கடைக்குப் போவதே காரணமெனத் துணிந்தார். மதுவை அவர் சற்று மிகையாகவே பழித்தாரென்பது எமது கருத்து. நாள் முழுதும் ஆலையில் உழைத்து, நெருக்கமும் அழுக்கும் மிக்க குடிலுக்குத் திரும்புவானுக்கு மதுக்கடையன்றி வேறு புகலிடம் யாது?

1854-இல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' என்னும் நாவலில், அட்டவணைகளோடு வரும் சிறைப் போதகர் ஒருவரை டிக்கன்ஸ் எள்ளி நகையாடுகின்றார். அது கிளேயைக் குறித்ததே என்பர். அவ்வட்டவணைகளின் அருகே கைதிகள் தாமே உரைத்த கதைகளும் அவ்வறிக்கைகளில் இடம் பெற்றிருந்தன; அத்தகைய கைதியின் கூற்றையும் நாவலாசிரியர் எள்ளாது விட்டிலர்.