கல்வாழையைத் தூர் பிரிப்பது எப்போது, எப்படி?



டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பாட்டி ஒருவர், சுவரோரம் நின்ற கல்வாழையை ஒருநாள் எனக்குக் காட்டினார். ஆள் உயரத்துக்கு இலை அடர்ந்து நின்றது. பூவைத்தான் காணோம். நட்ட புதிதில் சிவப்பாய்க் குலை குலையாய்ப் பூத்ததாம்.

இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் முன்பு பேராங் பெசார் தோட்டம் இருந்தது. 1921-இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் அது. 1990-களில் அங்கே நகரம் எழும்பியபோது பல குடும்பங்கள் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. அப்போது லயத்து வாசலில் நின்ற கல்வாழையிலிருந்து ஒரு கிழங்கைக் கோணியில் சுற்றி எடுத்து வந்தவர் இந்தப் பாட்டி.

“தூர் பிரித்து நடுங்கள், பாட்டி” என்றேன்.

“வெட்டவா சொல்றீங்க, வாத்தியாரே? அங்கேயிருந்து வந்தது இது ஒண்ணுதான். செத்துப்போச்சுன்னா?”

பயம் நியாயமானதே. ஆனால் கல்வாழையின் இயல்பைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு தண்டு பூத்து முடித்தால் அதன் வேலை தீர்ந்தது. கிழங்கு பக்கவாட்டில் நீண்டு, புதுமுளையை வெளிப்புறமாகவே விடுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் நடுப்பகுதி கிழட்டுக் கிழங்காய்ப் பின்னிக்கொள்ளும். ஓரத்து முளைகள் உரத்துக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியிடும். அப்புறம் பூ ஏது? குளிர் நாடுகளில் ஐரிஸ் என்னும் பூச்செடிக்கும் இதே கதைதான். அங்கே பூத்து ஓய்ந்ததும் கோடையில் பிரிக்கிறார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லை, மழைதான் கணக்கு. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மழை வலுக்கும். ஆகவே மார்ச்சுக் கடைசியோ செப்டம்பர் கடைசியோ ஏற்றது. ஒருமுறை நான் சூலை வெயிலில் பள்ளித் தோட்டத்தில் பிரித்து நட்டேன். மாணவர்கள் குடம் குடமாய் ஊற்றியும் பாதி கருகியது.

முதலில் தண்டுகளை அரை அடி விட்டு வெட்டுங்கள். தூரிலிருந்து ஓர் அடி தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி, மொத்தமாய்ப் புரட்டி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் ஒடிந்து கையோடு வரும். மண்ணை உதறியபின், ஓரத்துக் கிழங்குகளைத் துண்டுக்கு இரண்டு மூன்று முளைக்கண் இருக்கும்படி வெட்டுங்கள். விதைமஞ்சள் நறுக்கிய தாய்மார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவிலுள்ள பஞ்சுபோன்ற பழங்கிழங்கை வீசிவிடலாம். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி, நான்கு அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்க வேண்டும். கல்வாழைக்கு மண் மூடவேண்டும். எண்ணெய் டின்னில் வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் பிரிப்பது நல்லது.

“இதுவும் அதே செடிதானா?” என்று பாட்டி கேட்டார்.

பேராங் பெசாரில் தேர்ந்தெடுத்த பி.பி. 86 ரப்பரைப் பால்வெட்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டி ஒட்டியே அது இலங்கை, இந்தியத் தோட்டங்கள் வரை போயிற்று. எங்கே நின்றாலும் அதே மரம். கிழங்குத் துண்டும் அப்படித்தான். விதை போட்டால் நிறமும் உயரமும் மாறக்கூடும். கல்வாழை விதையோ கருங்குண்டு மாதிரி கெட்டி. அதைக் கோத்துச் செபமாலை செய்வதால்தான் மலாய்க்காரர்கள் பூங்கா தஸ்பே என்கிறார்கள்.

நல்லது தொடர்வதுபோல் நோயும் தொடரும். இலையில் நரம்போடு மஞ்சள் கோடு கோடாய் ஓடினால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அந்தத் தூரை முழுதும் பிடுங்கி எரியுங்கள். அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தூருக்கும் கத்தியைச் சோப்புநீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் செடியில் அந்தக் கோடுகள் இல்லை. ஒன்பது துண்டு தேறிற்று. மூன்றைச் சுவரோரம் நட்டு, ஐந்தைப் பழைய லயத்துக்காரர்களுக்குக் கொடுத்தார். ஒன்று எங்கள் பள்ளி வாசலில் இருக்கிறது. மூன்றாம் மாதம் பூத்தது.