புட்டிக்குள் மட்டும் பரவிய நோய்

சுவிட்சர்லாந்தின் அட்லிஸ்வில்லில் இரத்தம் எடுத்தாலும் யாழ்ப்பாணத்தில் எடுத்தாலும் ஓர் ஒழுங்கு உண்டு. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் புட்டியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். மற்றக் குழாய்கள் பிறகு. பல வைத்தியசாலைகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து இட்ட குழாய்கள் ஒரு காலத்தில் கிருமி நீக்கப்படாமலே வந்தன. அவற்றை முதலில் நிரப்பிவிட்டு அதே ஊசியைக் கல்ச்சர் புட்டியில் குத்தினால் குழாயிலிருந்த கிருமியும் கூடவே போய்விடும். பிறகென்ன, ஒரே விடுதியில் பலருக்கு ‘இரத்தத்தில் கிருமி’ என்று அறிக்கை வரும். அந்தக் கிருமியால் வந்த நோயோ யாருக்கும் இராது. இதைப் போலி நோய்ப்பரவல் என்கிறார்கள்.

காசநோய்ச் சோதனையில் இது இன்னும் கொடுமை. ஒருவரின் சளியில் கிருமி மொய்த்திருக்கும். மூடியைத் திறக்கையில் அதிலிருந்து ஒரு துளி பக்கத்துக் குழாயில் தெறித்தால் போதும். எல்லா மாதிரிகளுக்கும் ஒரே போத்தலிலிருந்து திரவம் ஊற்றும்போது அதன் வாய் பட்டாலும் போதும். காசக்கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். தெறித்த துளி யார் நினைவிலும் இருக்காது. நோயே இல்லாத ஒருவர் 6 மாதம் மாத்திரை விழுங்குவார், அதுவும் ஈரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகள். பல ஆய்வுகளைத் திரட்டி 2000-ல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, ‘காசம் உண்டு’ என்று வந்த கல்ச்சர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பொய் என்றது.

பொய்யைப் பிடிக்க வழி உண்டு. ஒருவர் கொடுத்த பல மாதிரிகளில் ஒன்றில் மட்டும் கிருமி இருக்கும். அன்று பக்கத்தில் இருந்த மாதிரியின் கிருமியோடு அதன் மரபணு ஒத்துப்போகும். ஆளுக்கோ இருமலே இராது. அப்போது சந்தேகிக்க வேண்டியது ஆய்வுக்கூடத்தை. அதற்கு யாராவது ஒருவர் கட்டிலருகே போய் நோயாளியோடு பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு ஈடான கருவி எதுவும் இல்லை என்பேன்.

அதற்காக எல்லாவற்றையும் ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று தள்ளவும் முடியாது. அட்லிஸ்வில்லிலிருந்து எஸ்4 ரயிலில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சூரிச். அங்கே பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதய அறுவை செய்துகொண்ட 6 பேரிடம், நெடுநாள் கழித்து, மைக்கோபாக்டீரியம் கைமேரா தென்பட்டது. தண்ணீரில் வாழும் கிருமி அது. குழாய்த் தண்ணீர் பட்டிருக்கும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அங்குள்ள வைத்தியர்கள் தேடினார்கள். அறுவையின்போது இரத்தத்தின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில் கிருமி இருந்தது. இயந்திரம் ஓடுகையில் அறையின் காற்றிலும் இருந்தது. 2015-ல் அதை வெளியிட்டார்கள். அதன் பிறகு வேறு பல நாடுகளும் தங்கள் அறுவைக்கூடங்களில் இருந்த அதே இயந்திரங்களைச் சோதிக்கத் தொடங்கின.