மரத்தில் செதுக்கிய மூடுபனி

முழுநிலா இரவு. உறங்கும் குழந்தைகளைச் சுமந்தபடி ஒரு குடும்பம் நடந்து வருகிறது. பின்னால் மரங்களும் கூரைகளும் சாம்பல் நிழல்களாகப் பனியில் கரைந்து நிற்கின்றன. ஜப்பானிய ஓவியர் உத்தாகவா ஹிரோஷிகேயின் ‘மியாநோகோஷி’ படம் இது. தூரிகையால் தீட்டியதல்ல, மரப்பலகையில் செதுக்கி, நிறம் தடவி, தாளில் ஒற்றி எடுத்தது. மூடுபனியை உளியால் எப்படிச் செதுக்கினார்கள்?

மியாநோகோஷி ஒரு சாவடி ஊர். எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலைகளின் வழியே இணைத்த நாகசெந்தோ சாலையின் நீளம் சுமார் 530 கிலோமீட்டர். வழியில் இப்படி 69 ஊர்கள். தங்க இடமும் மாற்றுக் குதிரையும் சுமை தூக்க ஆளும் அங்கே கிடைக்கும். கிசோ பள்ளத்தாக்கைக் கடப்பதால் கிசோ சாலை என்றும் பெயர். 1830களில் கெய்சாய் எய்சென் இந்த ஊர்களை வரையத் தொடங்கினார். பிறகு ஹிரோஷிகே வந்து சேர்ந்தார். எய்சென் வரைந்தவை 24, ஹிரோஷிகே வரைந்தவை 47.

வரைவதோடு ஓவியரின் கைவேலை முடிந்துவிடும். மெல்லிய தாளில் அவர் வரைந்ததைச் செதுக்குபவர் காட்டுச்செர்ரிப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டுவார். கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்றதைத் தோண்டி எடுப்பார். மூல ஓவியம் அதோடு போய்விடும். பிறகு நிறங்களுக்குத் தனித்தனிப் பலகைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘கெந்தோ’ என்ற சிறு வெட்டு இருக்கும். தாளின் மூலையை அதில் பொருத்தினால்தான் நிறம் இடம் மாறாமல் விழும். அச்சு இயந்திரம் கிடையாது. மூங்கில் மடல் போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டைத் தாளின் முதுகில் வைத்துக் கையால் தேய்க்க வேண்டும்.

இனி அந்தப் பனி. முன்னால் வருகிறவர்களுக்குக் கறுப்புக் கோடு உண்டு. பின்னாலுள்ள மரங்களுக்கு அது கிடையாது. சாம்பல் நிறத்தின் அடர்த்தி மட்டும் கூடிக் குறைகிறது. கண் கோட்டைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. பனி என்று எடுத்துக்கொள்கிறது.

வானம் மேலிருந்து கீழே மெல்ல வெளிறும் வித்தைக்குப் பெயர் ‘பொகாஷி’. பலகையை ஈரமாக்கி, ஓர் ஓரத்தில் மட்டும் நிறம் வைத்துத் தூரிகையால் இழுத்துக் கரைப்பார்கள். அந்தக் கரைசலுக்கென்று பலகையில் செதுக்கல் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்தாக வேண்டும். அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வானம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

என்னைக் கேட்டால், இந்தப் படங்களின் அழகில் பாதி அச்சிட்டவரின் கைப்பக்குவம். படத்தில் ஓவியரின் பெயர் இருக்கும், பதிப்பாளரின் முத்திரை இருக்கும். அச்சிட்டவரின் பெயரை அரிதாகத்தான் பார்க்க முடியும்.