தண்ணியில்லாக் காட்டுக்குத் தேடிவரும் விருந்தாளிகள்: தெரியுமா?

"ஒழுங்கா இரு, இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!" என்று மேலதிகாரி மிரட்டினால், அது எந்த ஊர் என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்பதில்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான்! 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நம்ம எம்.ரெட்டியபட்டி எல்லாமே அந்த மிரட்டலுக்குள் அடக்கம்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கு ராம்சர் பட்டியல் என்று ஒன்று உண்டு. 1971-ல் ஈரானின் ராம்சர் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி வந்த பட்டியல் அது. 2025 பிப்ரவரிக் கணக்கில் அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு இடங்கள் 20. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை. அந்த இருபதில் ஐந்து, தண்ணியில்லாக் காட்டில் இருக்கிறது, தெரியுமா? சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று நான்கு கண்மாய்கள். ஐந்தாவது மன்னார் வளைகுடா. எம்.ரெட்டியபட்டியிலிருந்து கிழக்கே கமுதி தாண்டி முதுகுளத்தூர் போய்விட்டால் முதல் இரண்டும் கைக்கெட்டும் தூரம். இரண்டுமே 1989-லிருந்து பறவைகள் சரணாலயம்.

வறண்ட சீமையில் பறவைக்கு என்ன வேலை? வறட்சிதான் வேலையே! ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற மழையில் கண்மாய் பெருகும். மீன் பெருகும். உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பூனையும் நரியும் கூட்டுக்குப் பக்கத்தில் போக முடியாது. காசு செலவில்லாத அகழி! பிறகு வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கும். குளம் முழுக்கச் சிதறிக் கிடந்த மீனெல்லாம் பள்ளத்தில் வந்து சேரும். குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகிற நேரமும் அதுதான். வருஷம் முழுக்கத் தளும்பி நிற்கும் ஏரியில் இப்படிக் குவித்து வைத்த பந்தி கிடைக்குமா? மழை பொய்த்து, கண்மாய் முன்கூட்டியே வற்றினால் மட்டும் கதை மாறிவிடும். கூட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பறவைகள் கிளம்பிவிடும்.

அந்தப் பந்தியில் முதல் வரிசை சங்குவளை நாரைக்கு. மஞ்சமூக்கு நாரை என்றும் சொல்வார்கள். கண்மாய்த் தண்ணீர் எப்படி இருக்கும்? டீ மாதிரி! உள்ளே மீன் இருப்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? நாரை கண்ணை நம்புவதே இல்லை. அலகைத் திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கியபடி நடக்கும். மீன் வந்து அலகில் பட்டதும், டக்! அமெரிக்காவில் இருக்கும் இதன் பங்காளி நாரையை அளந்து பார்த்தார்கள். மீன் பட்டு அலகு மூட ஆன நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. நீங்கள் ஒருதரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது.

வெயிலை எப்படித் தாங்குகிறது தெரியுமா? (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடலாம்.) நாரைகள் தம் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் காயும்போது காலில் ஓடுகிற ரத்தம் குளிரும். நம்ம ஊர் மண்பானைத் தத்துவம்! குஞ்சுக்கு மட்டும் ராஜ உபசாரம். தாயோ தகப்பனோ சிறகை விரித்துக் குடை பிடித்தபடி நிற்கும்.

பந்தியில் இன்னொரு ஆள் நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். பாக்குவெட்டி போல. குஞ்சுக்கு அந்த இடைவெளியே கிடையாது. வளர வளரத்தான் விழும்!

சரி, கண்மாய்க் கரையில் நின்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஆஸ்திரேலியாவிலேர்ந்து வருதுங்க" என்பார்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம். கருவேல மரத்தில் கூடு கட்டிக் கூச்சல் போடுகிற நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் நம்ம நாட்டு ஆட்கள். எந்தக் கண்மாய் நிரம்பியிருக்கிறதோ அங்கே குடிபெயர்கிற உள்ளூர்ப் பிரயாணிகள். அசல் வெளிநாட்டுக்காரர்கள் இங்கே கூடே கட்ட மாட்டார்கள். சாப்பிடுவார்கள், கொழுப்பார்கள், வெயில் ஏறியதும் கிளம்புவார்கள். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்த ரகம். சோளக் காட்டில் கூட்டமாக வந்து விழும் சூறைக்குருவியும் மத்திய ஆசியாக் குடிமகன்தான்.

பறவைகள் இப்படி நாடு விட்டு நாடு போகும் என்பதையே ஐரோப்பியர்கள் பலர் நம்பாமல் இருந்தார்கள். குளிர்காலத்தில் அவை சேற்றுக்குள் புதைந்து தூங்குவதாக அங்கே ஒரு கதை! 1822-ல் ஜெர்மனியில் கிளூட்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஒரு நாரை சுடப்பட்டது. கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்தி நிற்க, அதோடேயே வீடு திரும்பியிருந்தது அந்தப் பிராணி. சந்தேகம் தீர்ந்தது. ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். நம்ம சத்திமுத்தப் புலவரோ அதற்கு வெகுகாலம் முன்பே, மதுரைக் குளிரில் நடுங்கிக்கொண்டு, தெற்கே குமரியாடி வடக்கே திரும்பும் நாரையிடம் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டார். நாரையின் அலகுக்கு அவர் சொன்ன உவமை, பிளந்த பனங்கிழங்கு. பனங்காட்டுக்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்?

மார்கழி, தையில் ஒருநாள் விடிகாலை போங்கள். பட்டாசு, பாட்டுப்பெட்டி வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்தவர்கள். மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காமல், தண்ணீர் ஓரச் சகதியையும் கொஞ்சம் பாருங்கள். சேற்று நிறத்தில், தையல் மிஷின் ஊசி போல விறுவிறுவென்று கொத்திக்கொண்டு ஒன்று ஓடும். பெயர் கொசு உள்ளான். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வையுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் எடை. அது முட்டை பொரிந்து வந்த இடம், மரமே முளைக்காத வடதுருவ ஓரத்துச் சைபீரியா.